பிடுங்கிப் பார்த்த பிறகே கரைசல்: சிறு இயற்கைக் காய்கறித் தோட்டத்தில் அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

அரை ஏக்கர் முதல் ஒரு ஏக்கர் வரையிலான நிலத்தில், ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல், தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பந்தல் காய்கறிகள் ஆகியவற்றை முதல் முறையாகப் பயிரிடத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக இறங்குபவர்கள் பசுவின் சாணம், கோமியம் முதலியவற்றால் ஆன கரைசல்களான பஞ்சகவ்யத்தையோ ஜீவாமிர்தத்தையோ எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாகத் தெளித்துவிட்டு, பத்து நாள் காத்திருந்து, அதற்குள் பயிரை இழந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் நிலத்திலும் முதல் பட்டத்தில் (பயிர்ப் பருவத்தில்) அதுவே நடந்தது. கரைசல்கள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் செடிக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமல் ஊற்றப்படும் எந்தக் கரைசலும் பயன் தராது.

ஆகவே முதல் விதி இது. அறிகுறி தெரிந்தவுடன், நன்றாக இருக்கும் ஒரு செடியையும் நோயுற்ற ஒரு செடியையும் வேரோடு தோண்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கையால் இழுத்தால் நுண்வேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால் மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டி, மண் கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசி எடுக்கவும். ஒரு கூரிய கத்தி, ஒரு கண்ணாடி டம்ளர், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு நோட்டு ஆகியவை இருந்தால் கீழே சொல்லும் சோதனைகள் அனைத்தையும் நிலத்திலேயே செய்துவிடலாம்.

அறிகுறி 1: விதை முளைக்கவில்லை, அல்லது முளைத்த நாற்று தரையோடு சாய்கிறது

விதைத்த இடத்தைக் கிளறி விதையைத் தேடவும். விதை அழுகிக் கூழாகியிருந்தால் நீர் மிகுதி, அல்லது ஆழம் மிகுதி. விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே போதுமானது. விதை கெட்டியாக, போட்டபடியே இருந்தால் ஈரம் போதவில்லை, அல்லது விதை பழையது. ஐம்பது விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கின்றன என்று எண்ணினால் இவ்விரண்டில் எது காரணம் என்பது தெரிந்துவிடும். வெங்காய விதை ஓராண்டுக்குள் முளைப்புத்திறனை வெகுவாக இழந்துவிடும் என்பதால் அதைப் பழையதாக வாங்கவே கூடாது. விதையே காணவில்லை என்றால் எறும்பையோ எலியையோ சந்தேகிக்க வேண்டும். பாகல், புடலை விதைகளுக்கு ஓடு தடிமனாக இருப்பதால் ஓர் இரவு ஊறவைத்து விதைக்கவும். மிளகாய் மெதுவாகவே முளைக்கும். ஒரு வாரத்தில் முளைக்கவில்லை என்று பாத்தியைக் கிளறிவிட வேண்டாம்.

முளைத்த நாற்று, மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்து நூல்போல் மெலிந்து திட்டுத் திட்டாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல். சாய்ந்த நாற்றுகளைக் காப்பாற்ற முடியாது. மீதியைக் காப்பதே வேலை. நீரைக் குறைத்து, நிழல்வலையை விலக்கி, நெருக்கமாக உள்ள நாற்றுகளைக் கலைத்துவிட்டு, லிட்டருக்கு 5 கிராம் வீதம் சூடோமோனஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றவும். அடுத்த முறை பாத்தியை 15 சென்டிமீட்டர் உயர்த்தி அமைத்து, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற அளவில் விதைநேர்த்தி செய்து விதைக்கவும். கடையில் வாங்கும் விதை சிவப்பாகவோ நீலமாகவோ பூச்சிடப்பட்டிருந்தால் அதில் பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லி இருக்கும். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணமே ஆகையால் அந்த விதையின்மேல் அது பிழைப்பது கடினம்.

அறிகுறி 2: நட்ட செடி வளராமல், வெளுத்து நிற்கிறது

புதியவர்களுக்கு மிக அதிகமாக நேர்வதும், மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. முதலில் எந்த இலை வெளுத்திருக்கிறது என்று பார்க்கவும்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகி, மேல் இலைகள் வெளிர்பச்சையாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை. எரு போட்டோமே என்று பலர் கேட்பார்கள். எவ்வளவு போட்டோம், எந்த நிலையில் போட்டோம் என்பதே இங்கு கேள்வி. நன்கு மட்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம்தான். ஏக்கருக்கு 10 டன் என்ற பொதுப் பரிந்துரைப்படி இட்டால் 50 கிலோ தழைச்சத்து நிலத்தில் சேரும். அதிலும் ஒரு பகுதிதான் முதல் பட்டத்தில் பயிருக்குக் கிடைக்கும். அரை ஏக்கருக்கு 5 டன் தேவைப்படும் இடத்தில், பத்து மூட்டை எருவை விசிறிவிட்டு 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி வீதம் பஞ்சகவ்யம் தெளித்தால் கணக்கு எப்படி நேராகும்? கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யம் ஒரு நல்ல வளர்ச்சியூக்கி. அது நிலத்தின் பசியைத் தீர்க்கும் உணவன்று. மகாராஷ்டிர இயற்கை வேளாண் வல்லுநர் சுபாஷ் பாலேக்கர் வகுத்த ஜீவாமிர்தமும் நுண்ணுயிர்களைப் பெருக்கும் கரைசலே. அந்த நுண்ணுயிர்கள் தின்பதற்கு மண்ணில் இலைதழையும் மூடாக்கும் இருக்க வேண்டும்.

எரு போதிய அளவு இட்டும் வெளுத்தால், மட்காத பொருள் ஏதேனும் மண்ணில் கலந்ததா என்று நினைவுபடுத்திப் பார்க்கவும். மட்கவைக்காத தென்னை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 என்ற அளவில் இருக்கும். அதை மண்ணில் கலந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். மரத்தூளுக்கும் வைக்கோலுக்கும் இதுவே பொருந்தும். இவற்றை மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தீங்கு பெரிதாக நேராது, உள்ளே கலந்தால்தான் நேரும். கலந்தாகிவிட்டது என்றால், ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கை 10 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வாரம் ஒருமுறை வேரில் ஊற்றி வர, செடி மெல்லத் தேறும். பச்சைச் சாணத்தை நேரடியாக இட்டவர்களுக்கு வேறு விதமான தொல்லை வரும்: மட்கும்போது எழும் சூடு வேரைத் தாக்கும், வெள்ளை வேர்ப்புழுவும் களைவிதையும் கூடவே வரும். மட்கிய எருவில் சாண வாடை இருக்காது, மழை பெய்த மண்ணின் வாடை இருக்கும். குவியலுக்குள் கைவிட்டால் சுடாது.

புதிய, நுனி இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இந்த நிலத்தில் அடுப்புச் சாம்பலை உரமென்று கொட்டுவது, காரத்தைக் கூட்டி நோயை வளர்ப்பதாகும். சாம்பலை நிறுத்திவிட்டு, தேங்கும் நீரை வடித்து, மட்கிய எருவைக் கூட்டுவதுதான் வழி.

இலை விளிம்பு கருகி, மண் காய்ந்ததும் மேலே வெண்மை பூத்தால் உப்பு. சொட்டுநீர் போடும் தோட்டத்தில் ஈரவட்டத்தின் ஓரத்தில் வெள்ளை வளையம் தெரியும். கிணற்று நீரை, முக்கியமாக ஆழ்துளைக் கிணற்று நீரை, நிலம் தொடங்கும் முன்பே சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யும் விஷயம் இதுவன்று. இத்தகைய நிலத்தில் தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரப்பயிரை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது நல்ல பலன் தரும்.

இவை எதுவும் இல்லையென்றால் வேரைப் பார்க்க வேண்டும். வேர் ஒரு பக்கமாக வளைந்து ஓடினால் கீழே கடினத்தட்டு இருக்கிறது. மழை பெய்த மறுநாள் ஓர் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தால் எந்த ஆழத்தில் தடுக்கிறது என்று தெரியும். வேரில் மணிமணியாக வீக்கங்கள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. தட்டைப்பயறு, அவரை போன்றவற்றின் வேரிலும் முடிச்சு இருக்கும். அது ரைசோபியம் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவின் முடிச்சு. நகத்தால் தள்ளினால் ரைசோபியம் முடிச்சு எளிதில் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு வீக்கமோ வேரே பருத்தது என்பதால் உதிராது. நூற்புழு உள்ள இடத்தில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு இட்டு, ஒரு பட்டம் செண்டுமல்லி பயிரிட்டுவிட்டுப் பிறகு காய்கறிக்கு வருவது நல்லது.

புது நிலத்தில் இந்த அறிகுறி முழுத் தோட்டத்திலும் பரவலாக இருந்தால், அந்தப் பட்டத்துப் பயிரோடு போராடுவதைவிட மண்ணைச் சரிசெய்வதே மேல் என்பது என் கருத்து. தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள், மணப்பொருள் ஆகிய வகைகளைக் கலந்து ஏக்கருக்கு 20 கிலோ அளவில் விதைத்து, 45 முதல் 50 நாளில் பூக்கும்போது மடக்கி உழும் பலதானிய விதைப்பை இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிச் சென்றார். ஆடிப்பட்டத்தில் நடவேண்டும் என்றால் சித்திரை கோடை மழையிலேயே இதை விதைத்துவிட வேண்டும். மண் மாதிரியும் அதற்கு முன்பே எடுக்க வேண்டும்: வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டு மண்ணைச் சுரண்டியெடுத்துக் கலந்து, அரை கிலோவை மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும்.

அறிகுறி 3: பச்சையாக இருந்த செடி திடீரென வாடுகிறது

நண்பகலில் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் வேலை. ஒன்றும் செய்ய வேண்டாம், மூடாக்கை மட்டும் தடிமனாக்கவும். மறுநாள் காலையிலும் நிமிரவில்லை என்றால்தான் நோய்.

மண்ணில் விரலை விட்டுப் பார்க்கவும். ஈரம் சொதசொதவென்று இருந்து, வேர் பழுப்பாகி நாறினால் நீர்தேக்கம். வடிகால் வெட்டி நீரை வடித்துவிடவும். வேர் கடிக்கப்பட்டிருந்தால் சுற்றிலும் கிளறி, பிறைபோல் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுவைத் தேடவும். தண்டு நீளவாக்கில் குடையப்பட்டிருந்தால் துளைப்பான். இவை மூன்றும் இல்லை, மண்ணில் ஈரம் இருக்கிறது, இலை பச்சையாகவே தொங்குகிறது என்றால் டம்ளர் சோதனை செய்யவும். தண்டின் அடிப்பகுதியில் விரல் நீளத் துண்டை வெட்டி, வெட்டிய முனை தெளிந்த நீரில் அமிழும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெண்ணிழை கீழ்நோக்கி இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இழை இறங்காமல், தண்டைப் பிளந்து பார்க்கும்போது உட்குழாய் பழுப்பு நிறமாகியிருந்து, கீழ் இலைகள் முன்பே ஒரு பக்கமாக மஞ்சளித்திருந்தால் அது பியூசேரியம் பூஞ்சாண வாடல்.

இந்த வேறுபாட்டை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் முதல் கத்தரிப் பயிரில் மூன்று செடிகள் வாடியபோது தண்ணீர் போதவில்லை என்று எண்ணி வாய்க்கால் பாசனத்தைக் கூட்டினோம். அது பாக்டீரியா வாடல். நீர் ஓடிய வழியெல்லாம் நோயும் ஓடி, இரண்டு வாரத்தில் அந்தச் சால் (நடவு வரிசை) முழுவதும் போயிற்று. அன்று ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்திருந்தால் மூன்று செடியோடு முடிந்திருக்கும்.

பாக்டீரியா வாடலுக்கு, வாடிய செடியை வேர்மண்ணோடு எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே அழிக்கவும்; எருக்குழியில் போடவே கூடாது. அந்தச் சாலிலிருந்து நீர் அடுத்த சாலுக்குப் பாயாதபடி தடுக்கவும், மண்வெட்டியைக் கழுவிக் காயவைக்கவும். அந்த இடத்தில் குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை ஆகிய ஒரே குடும்பத்துப் பயிர்களைத் தவிர்த்து, மக்காச்சோளம், சோளம் போன்ற தானியங்களைப் பயிரிட வேண்டும். கத்தரியே வேண்டும் என்பவர்கள் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்றை நடலாம். சுண்டை வேர் இந்த வாடலை நன்கு தாங்கும். தக்காளியில், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக் என்ற வீரிய ஒட்டு, இலைச்சுருட்டு நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் எதிர்ப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. வீரிய ஒட்டிலிருந்து எடுக்கும் மறுவிதையில் அதே குணம் வராது என்பது நாட்டு விதையை விரும்புவோருக்கு மனக்குறையாக இருக்கும். ஆனாலும் வாடல் கண்ட மண்ணில் முதல் ஆண்டு விளைச்சல் எடுக்க இது கைகொடுக்கும்.

பியூசேரியம் வாடலுக்கு, ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 20 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் சாக்கால் மூடி இரண்டு வாரம் வைத்திருந்து, நடவுக்கு முன் இடவும். நோய் வந்த பிறகு இடுவது அண்டைச் செடியைக் காக்குமே தவிர வாடிய செடியை எழுப்பாது.

அறிகுறி 4: இலை சுருள்கிறது

மிளகாயில் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன்; கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி. உருப்பெருக்கியை வைத்து இலையின் அடிப்புறத்தைப் பார்த்து உறுதிசெய்யவும். இலைப்பேனுக்கு நீல ஒட்டும் பொறியும் வேப்பங்கொட்டைக் கரைசலும் போதும். சிலந்திக்கு வேம்பு ஓரளவே உதவும். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 3 கிராம் தெளிக்கலாம், ஆனால் கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். அங்ககச் சான்றிதழ் (இயற்கை விளைபொருள் சான்று) பெறும் எண்ணமிருந்தால் கந்தகம் தெளிக்கும் முன் ஆய்வாளரிடம் கேட்டுக்கொள்ளவும்.

தக்காளியில் நுனி இலைகள் சிறுத்து, சுருங்கி, செடி குத்துச்செடிபோல் குறுகினால் இலைச்சுருட்டு நச்சுயிரி. வெண்டையில் நரம்புகள் வலைபோல் மஞ்சளாகி, பிறகு காயும் வெளுத்தால் மஞ்சள் நரம்புத் தேமல். இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈ. நச்சுயிரி ஏறிய செடியைக் குணப்படுத்தும் கரைசல் எதுவும் கிடையாது. அதைப் பிடுங்கி எடுப்பதற்கு மனம் வராமல் வைத்திருப்பவர்கள் மற்ற செடிகளையும் இழப்பார்கள். பிடுங்குவதற்கு முன் செடியின் மேல் வேப்பெண்ணெய் கலந்த நீரைத் தெளித்தால் அதிலுள்ள ஈக்கள் பறந்து பக்கத்துச் செடிக்குப் போவது குறையும். நாற்று வளரும் நாள்களிலேயே நாற்றங்காலை நுண்வலையால் மூடுவது, நட்டவுடன் மஞ்சள் ஒட்டும் பொறிகளைச் செடி உயரத்தில் கட்டுவது, நிலத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ முன்கூட்டியே விதைத்து வேலியாக்குவது ஆகிய மூன்றுமே இதற்கு உண்மையான மருந்து.

வேப்பங்கொட்டைக் கரைசல் வேலை செய்யவில்லை என்போர் பெரும்பாலும் கொட்டையில் தவறியிருப்பார்கள். சேகரித்து மூன்று மாதத்துக்குக் குறையாமலும் எட்டு மாதத்துக்கு மிகாமலும் உள்ள பருப்பே நல்லது. 10 லிட்டருக்கு அரை கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி ஓர் இரவு ஊறவைத்து, பிழிந்து வடித்து, சிறிது காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, அன்று மாலையே தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் சிதையும்.

அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) கூட்டத்தின் நடுவே கருப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு முதலைக்குட்டிபோல் நகரும் உயிரைக் கண்டு கொன்றுவிட வேண்டாம். அது பொறிவண்டின் இளம்புழு; அசுவினியைத் தின்பதே அதன் தொழில். வரப்போரம் தட்டைப்பயறு இருந்தால் அவை தாமாக வந்து பெருகும்.

அறிகுறி 5: பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

பந்தல் காய்கறிகளில் முதலில் வருவன ஆண்பூக்கள். அவை உதிர்வது இயல்பு. பூவுக்கு அடியில் பிஞ்சு இருந்தால்தான் பெண்பூ. பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. பாகல், பூசணிப் பூக்கள் காலையில் விரியும். சுரை, பீர்க்கு, புடலை ஆகியவற்றின் பூக்கள் மாலையிலோ இரவிலோ விரியும். அந்த நேரம் அறிந்து ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவே ஒற்றிவிட்டுப் பார்க்கவும். காய் பிடித்தால் மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் குறைவு என்று உறுதியாகும். அப்போது தேனீப்பெட்டி ஒன்று வைப்பதை எண்ணலாம். பூச்சிவிரட்டிக் கரைசல்களைப் பூ விரிந்திருக்கும் நேரத்தில் தெளிப்பதும் தேனீயை விலக்கும்.

தக்காளியில் கோடையில் பகல் வெப்பம் 35 பாகைக்கு மேல் தொடரும்போது பூ உதிரும். அதற்கு மருந்து இல்லை, பட்டம் பார்த்து நடுவதே வழி. காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் அது நோயன்று, சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராத குறை. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சும் வழக்கத்தை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அறிகுறி 6: காயில் துளை

கத்தரியில் காய் துளைபடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே இளந்தளிர்கள் வாடித் தொங்கத் தொடங்கும். அந்தத் தளிரை ஒரு சாண் கீழே கிள்ளி எடுத்து எரிப்பதை வாரந்தோறும் தவறாமல் செய்தால் பாதிப் போர் முடிந்தது. ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளை ஏக்கருக்கு 5 வைத்து, அதற்குரிய மண மாத்திரையை உறையில் குறிப்பிட்ட நாளில் மாற்றவும். காய்க்கும் காலத்தில் தொடங்கினால் புழு காய்க்குள் போய்விட்டிருக்கும்; எந்தத் தெளிப்பும் அதைத் தொடாது.

தக்காளிக் காய்ப்புழுவுக்குச் செண்டுமல்லி நல்ல கவர்ச்சிப்பயிர். ஆனால் செண்டுமல்லி பூக்கும் நாளும் தக்காளி பூக்கும் நாளும் ஒன்றாக வர வேண்டும் என்பதால், 40 நாள் வயதான செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட வேண்டும். பாகல், பீர்க்கு, புடலையில் காய் கோணி, உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈ. விழுந்த காய்களை அங்கேயே விடாமல் நாள்தோறும் பொறுக்கி ஆழமாகப் புதைத்து, பழ ஈக்குரிய பொறியும் வைக்கவும்.

அறிகுறி 7: களை அடங்கவில்லை

கோரை இருக்கும் நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டக்கூடாது. கிழங்கை நறுக்கி நிலமெங்கும் நட்டுவிடும். கோடையில் சட்டிக்கலப்பையால் புரட்டிக் கிழங்கைக் காயவிட்டு, சணப்பையை நெருக்கி விதைத்து நிழலில் அடக்கவும். மற்ற களைகளுக்கு, பூப்பதற்கு முன் பிடுங்கி அதையே மூடாக்காகப் போடுவது போதும்.

அறிகுறி 8: காய் இருக்கிறது, விற்கவில்லை

இதையும் பயிர்நோயைப் போலவே காரணம் கண்டு நீக்க வேண்டும். அரை ஏக்கர் முழுவதும் ஒரே நாளில் தக்காளி நட்டால் ஒரே வாரத்தில் பழுக்கும், அந்த வாரம் ஊரெங்கும் தக்காளி இருக்கும். வெண்டை, கீரை, கொத்தவரை ஆகியவற்றை இரண்டு வார இடைவெளியில் பகுதி பகுதியாக விதைத்து, வாரந்தோறும் ஏழெட்டு வகைக் காய் கைக்கு வருமாறு திட்டமிட்டால், இருபது முப்பது வீடுகளுக்குக் கூடையாகவே கொடுக்கலாம். வெண்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கப்பட வேண்டும் என்பதால் ஆள் இல்லாதவர்கள் அதன் பரப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலில் தொடங்கப்பட்ட உழவர் சந்தை இப்போது பல ஊர்களில் உண்டு. விவசாயி அடையாள அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்தால் மிகுந்த காயை அங்கே கொண்டுபோகலாம்.

வாங்குபவர் ‘இயற்கை என்பதற்கு என்ன சான்று?’ என்று கேட்டால், ஐந்து விவசாயிகளாவது குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்யும் பிஜிஎஸ் (பங்கேற்பு உத்தரவாத) முறை சிறு நிலத்துக்குச் செலவு குறைந்தது. வெளிச்சந்தைக்கும் ஏற்றுமதிக்கும் போக நினைப்பவர்கள் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். அந்தத் துறை பின்பற்றும் தேசியச் சான்றளிப்பு முறையில் ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகள் மாற்றுக்காலம் (நிலம் ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் காலம்) கணக்கிடப்படும். எந்த முறையானாலும் பதிவேடு கேட்பார்கள். நிலத்தில் கடைசியாக ரசாயனம் இடப்பட்ட தேதி, வாங்கிய விதை, எரு ஆகியவற்றின் ரசீது, பக்கத்து நிலத்தில் மருந்தடிக்கும் நாள்கள், அந்தப் பக்கம் விட்டிருக்கும் வரப்பு வேலியின் அகலம் ஆகியவற்றை இன்றைக்கே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கவும். இரண்டாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதப்படும் தேதியை எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார்.